வாயில் காப்போனும் வீடும்



கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். சற்று நேரத்தில் வழக்கமான திரை தோன்றுகிறது. இடையே நிகழ்வது யாது என்று நாம் எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ணாமையால் நேர்ந்த இழப்பு ஒன்றை முதலில் கூறுகிறேன்.

நானறிந்த கல்லூரி மாணவர் ஒருவர், விண்டோஸ் இருந்த தம் கணிப்பொறியில் லினக்ஸையும் நிறுவியிருந்தார். பின்னர், இடம் போதவில்லை என்று லினக்ஸ் இருந்த வட்டுப் பகுதியை நீக்கிவிட்டார். மறுநாள் கருந்திரையில் ‘அத்தகைய பகுதி இல்லை’ என்னும் பொருளுடைய ஆங்கில வரியும், ‘கிரப்’ என்ற பெயருமே நின்றன. எல்லாம் போயிற்று என்று அஞ்சிய அவர், வட்டு முழுவதையும் துடைத்துப் புதிதாக விண்டோஸை நிறுவினார். ஈராண்டுக் குறிப்புகள் அப்போதுதான் அழிந்தன; அதற்குமுன் அழியவில்லை!

காரணம் யாது? பழைய முறைக் கணிப்பொறியில் வட்டின் முதற்கூறு 512 பைட்டு அளவினது. அதில் 446 பைட்டு தொடக்க நிரல். 64 பைட்டு வட்டுப் பகுதிகளின் அட்டவணை. எஞ்சிய 2 பைட்டு அடையாளக் குறி. லினக்ஸை நிறுவும்போது கிரப் என்னும் தொடக்கி அந்த நிரலின் இடத்தில் வாயில் காப்போனாக அமர்கிறது. சிறிய இடமாதலால் அதன் பெரும்பகுதி லினக்ஸின் பகுதியிலேயே தங்குகிறது. அப்பகுதியை நீக்கினால், காப்போன் வாயிலில் நிற்பான், திறவுகோல் இராது. வீடும் பொருளும் உள்ளே பத்திரமாகவே இருக்கும்.

தீர்வு எளிது. விண்டோஸின் நிறுவல் வட்டைக்கொண்டு கணிப்பொறியைத் தொடங்கி, பழுதுநீக்கும் பிரிவில் கட்டளைத் திரையைத் திறந்து, ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ் எம்பிஆர்’ என்னும் குறிப்புடன் இடுதல் வேண்டும். அது தொடக்க நிரலை மட்டும் மாற்றி எழுதும், அட்டவணையைத் தொடாது.

யூஇஎஃப்ஐ முறையில் இயங்கும் புதிய கணிப்பொறிகளுக்கு இவ்வழி பொருந்தாது. அங்கே ஒவ்வோர் இயக்கமுறைமையின் தொடக்கியும் வட்டிலுள்ள சிறியதொரு தனிப்பகுதியில் கோப்பாக இருக்கிறது. எது முந்துவது என்னும் வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கிறது. பயோஸ் அமைப்புத் திரையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்தில் வைத்தால் பெரும்பாலும் போதும். அச்சிறு பகுதியை லினக்ஸுக்கு உரியது என்று கருதி நீக்கிவிடலாகாது. விண்டோஸின் தொடக்கியும் அங்கேதான் உள்ளது.

ஆகவே, முதலில் கோப்புகளைப் படியெடுங்கள். அடுத்துத் தொடக்கத்தை விண்டோஸுக்கு மாற்றுங்கள். இறுதியாகவே லினக்ஸின் பகுதியை நீக்குங்கள். முறை பிறழ்ந்து தவறு நேர்ந்துவிட்டாலும், திரையில் உள்ள வரியைப் பொறுமையாகப் படியுங்கள். அம்மாணவரிடம் பொறி உண்மையைத்தான் சொல்லிற்று: ஒரு பகுதி இல்லை என்றதே அன்றி, எல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. அச்சம்தான் அவ்வாறு படித்தது.