சுவர் இருந்தால்தான் சித்திரம்
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நொடித்துப்போன ஊரைச் சித்திரம் எழுதித் தூக்கி நிறுத்த முடியுமா? முடியும் என்கிறார்கள் பல நாட்டு நகர நிர்வாகிகள். இடிந்த சுவருக்கு வர்ணம் பூசி, "நம் ஊர் நல்ல ஊர்" என்று எழுதி வைக்கிறார்கள். இது மெய்யா, பசப்பா? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் பதில் சொல்கிறது.

டெட்ராய்ட் மோட்டார்த் தொழில் வளர்த்த ஊர். ஆலை நின்றால் அடுப்பும் அவியும் என்பதை மில் தொழிலாளிகளான உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

ரத்தம் சிந்திய ஊர்

1932 மார்ச் 7. வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் போர்டு கம்பெனியின் ரூஜ் ஆலையை நோக்கி நடந்தனர். கம்யூனிஸ்டுகள் முன்னின்று நடத்திய பட்டினி ஊர்வலம் அது. வேலை கொடு, வைத்திய வசதி கொடு, வேலைப் பளுவைக் குறை என்று கேட்டார்கள். போலீசும் கம்பெனிக் காவலாளிகளும் சுட்டனர். நால்வர் அன்றே மாண்டனர். காயமுற்ற ஐந்தாமவர் பின்னர் இறந்தார்.

அடுத்த மாதம் மெக்சிகோ ஓவியர் டீகோ ரிவேரா அங்கு வந்தார். நகரக் கலைக்கூடத்தின் சுவர்களில் 27 சித்திரங்கள் எழுதினார். பணம் கொடுத்தவர் எட்செல் போர்டு, முதலாளியின் மகன்! ஆனால் சுவரை நிறைத்து நின்றவர்கள் யார்? உலையருகே வெந்தவர்கள், இயந்திரத்தை இழுத்து முறுக்கியவர்கள், தோளோடு தோள் நின்ற கறுப்பரும் வெள்ளையரும்! விவசாயத் தொழிலாளத் தோழர்களே, கிழக்குச் சுவரில் செடியின் கிழங்குக்குள் ஒரு குழந்தை, அதனடியில் ஏர்க்கொழு. உழவின்றி ஆலையில்லை என்கிறது அச்சித்திரம்.

1933ல் இவற்றை வெள்ளையடித்து அழிக்கச் சொன்னது ஒரு பத்திரிகை. சித்திரங்கள் தப்பின. நியூயார்க்கில் ராக்பெல்லர் கட்டிடத்தில் அவர் எழுதிய சித்திரமோ, லெனின் முகம் இருந்த குற்றத்திற்காக 1934ல் உடைத்தெறியப்பட்டது. உண்மை சொல்லும் சித்திரத்துக்கு முதலாளி அஞ்சுகிறான்!

ஆனால் சித்திரம் கூலியை உயர்த்தவில்லை. 1941ல் வேலைநிறுத்தம் செய்துதான் போர்டு தொழிலாளர் தம் சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றனர்.

பென்ஷனா, படமா?

பின்னர் லாபம் தேடி ஆலைகள் வெளியேறின. வசதி படைத்த வெள்ளையர் புறநகர் சென்றனர். 1950ல் 18.5 லட்சமாக இருந்த ஜனத்தொகை 2010ல் 7.1 லட்சம் ஆயிற்று. 1986ல் டைரீ கைடன் என்ற கறுப்பினக் கலைஞர், தம் தெருவின் பாழ்வீடுகளுக்குப் பொட்டுப் பொட்டாய் வர்ணமிட்டு, தூக்கியெறிந்த பொருள்களைக் கொண்டே கலை செய்தார். நகர நிர்வாகம் என்ன செய்தது? 1991லும் 1999லும் அவற்றில் பலவற்றை இடித்தது.

2013ல் சுமார் 1,800 கோடி டாலர் கடனில் நகரம் திவாலாயிற்று. கலைக்கூடப் படங்களை விற்கச் சொன்னார்கள் கடன்காரர்கள். 2014ல் தர்ம ஸ்தாபனங்களும் மாநில சர்க்காரும் கலைக்கூடமும் சேர்ந்து 81.6 கோடி டாலருக்கு ஏற்பாடு செய்தன. படங்கள் பிழைத்தன, பென்ஷன் பெரும் வெட்டிலிருந்து தப்பியது. ஆயினும் நகரப் பொது ஊழியரின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டு விழுந்தது. ஆண்டுதோறும் வந்த உயர்வும் நின்றது. கடன் வாங்கியது யார், கட்டியது யார்?

தோழர்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். வேலை, கூலி, பென்ஷன் இவையே அந்தச் சுவர். அது இல்லாத இடத்தில் பூசும் வர்ணம் ஓட்டையை மறைக்கும் திரை. கலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; கலையும் நம் சொத்து. நம் முகம் அதில் இருக்கட்டும். சுவரைக் காக்க நம் சங்கம் இருக்கட்டும்!