மண்வாசனை வடிக்கும் ஊர்

வெயிலில் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழுகிற மண்வாசனையை எண்ணெயில் பிடித்துக் குப்பியில் அடைக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் உள்ள கன்னௌஜ்தான் அது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷர் தலைநகராகக் கொண்டிருந்த ஊர். அங்கே வடிக்கும் இந்த வாசனைக்கு 'மிட்டி அத்தர்', அதாவது மண் அத்தர், என்று பெயர்.

செய்முறையைக் கேளுங்கள். களிமண்ணைச் சூளையில் சுட்டு, 'தேக்' என்னும் பெரிய செம்பு அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூடியைச் சுற்றி ஆவி கசியாதபடி மண் பூசுகிறார்கள். அடியில் தீ. மேலெழும் ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்த 'பப்கா' என்னும் இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குப் போய்க் குளிர்கிறது. அதற்குள் முன்பே ஊற்றி வைத்த சந்தன எண்ணெய் அந்த வாசனையை வாங்கிக்கொள்கிறது. நீரை வடித்துவிட்டு, புது மண் போட்டு, அதே எண்ணெயில் மறுபடி மறுபடி வாசனை ஏற்றுகிறார்கள். வெப்பமானி கிடையாது. பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தே அடுப்பைக் கூட்டுவதும் தணிப்பதும் நடக்கின்றன.

1964-இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் இசபெல் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் காய்ந்த பாறைகளை நீராவியில் வடித்து, மழை வாசனைக்குக் காரணமான மஞ்சள் நிற எண்ணெயைப் பிரித்தார்கள். கன்னௌஜ் அத்தரையும் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டார்கள். வறண்ட நாள்களில் மண்ணும் கல்லும் சேர்த்து வைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் ஈரம் பட்டதும் வெளிப்படுகின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருளும் இந்த வாசனையில் கலந்திருக்கிறது.

அத்தரில் சந்தனத்தின் பங்கைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மண்ணோ ரோஜாவோ மல்லிகையோ, தனியாக விட்டால் விரைவில் பறந்துவிடும் வாசனையைச் சந்தன எண்ணெய் பிடித்துவைக்கிறது. அதன் மூலக்கூறுகள் கனமானவை, மெல்ல ஆவியாகுபவை. ஆனால் சந்தன மரத்தின் நடுக்கட்டை மணம் கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். நம் தென்னிந்தியக் காடுகளில் வெட்டும் திருட்டும் அந்த மரத்தைக் குறைத்துவிட்டன. எண்ணெயின் விலை ஏறியது. சந்தன எண்ணெயின் இடத்துக்குப் பெட்ரோலியத்திலிருந்து வரும் திரவ பாரஃபின் போன்றவை வந்துவிட்டன. அவற்றுக்குச் சொந்தமாக மணம் இல்லை. பூவோடும் மண்ணோடும் சந்தனம் சேர்ந்து தரும் ஆழம் அவற்றில் கிடைக்காது.

எனவே அத்தர் வாங்கும்போது, என்ன பூ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த எண்ணெயில் இறக்கியது என்றும் கேளுங்கள். வாங்குபவர் அதைக் கேட்டால்தான் சந்தனத்தில் வடிக்கும் தொழிலாளிக்கு வேலை இருக்கும், சந்தனம் நட்டு வளர்க்கும் விவசாயிக்கும் விலை கிடைக்கும்.