கிணறும் கணினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் பாறையினுள் இறங்கிக் கிணற்று நீராகி மக்களைக் காக்கின்றது. இந்நன்னீர், கனங்கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியலார் கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே ஓரடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் நாற்பது அடி ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை யாவரும் அறிவர்.

உப்பையாவது நா உணரும், நைத்திரேற்றை உணராது. தோட்டப் பசளையிலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் கசியும் இப்பொருள், நீரைக் கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மீறிய நீரிற் பால்மா கரைத்தூட்டினால் கைக்குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். ஆதலின் அளந்தே அறிதல் வேண்டும்.

நூறு கிணறுகளில் மணிக்கொருமுறை அளப்பதாகக் கொள்வோம். ஓராண்டில் 876,000 அளவுகள் சேரும். இவற்றைச் சரிபார்த்து, ஒப்பிட்டு, எச்சரிக்கை விடுக்கும் பணியொழுங்கைக் கணினி மென்பொருளிடமே ஒப்படைக்க வேண்டியிருக்கும். அவ்வொழுங்கை எவ்வாறு அமைப்பது?

ஒரு படிப்பினை உண்டு. நாசாவின் நிம்பஸ் 7 செய்மதி ஓசோன் படலத்தை அளந்து வந்தது. 180 அலகுக்குக் குறைந்த அளவுகளை அதன் மென்பொருள் ஐயத்துக்குரியன என்று குறியிட்டு ஒதுக்கியது. அந்தாட்டிக்காவில் ஓசோன் பெரிதும் குறைந்த செய்தியை 1985இல் வெளியிட்டவர்கள், தரையிலிருந்து அளந்த பிரித்தானிய ஆய்வாளர்களே. மூல அளவுகள் அழிக்கப்படாதிருந்தமையாற் செய்மதியும் பின்னர் அதனை உறுதிப்படுத்திற்று.

கிணற்றுக்கும் இதுவே நெறி. பெருமழைக்குப் பின் ஒரு கிணற்றில் நைத்திரேற்றுத் திடீரென உயர்ந்தால், அதனைப் பிழையென்று மென்பொருள் தள்ளலாகாது. அயற்கிணறுகளை நோக்க வேண்டும். அவையும் உயர்ந்திருப்பின், அப்பகுதியில் அடிக்கடி அளக்கக் கட்டளையிட வேண்டும். அவை மாறாதிருப்பின், கருவியைப் பார்க்கவும் அந்நீரை மீண்டும் சோதிக்கவும் ஆளை அனுப்ப வேண்டும். கோடைக்கு ஓர் எதிர்பார்ப்பு, மாரிக்கு வேறோர் எதிர்பார்ப்பு என நிலைமைக்கேற்ப ஒழுங்கு மாறுதல் வேண்டும். மாறிய காரணத்தையும் பதிந்து வைத்தல் வேண்டும். மூல அளவை என்றும் அழித்தலாகாது.

விதிவிலக்கெனத் தோன்றும் ஓர் எண்ணிலே ஓர் ஊரின் குடிநீர்ச் செய்தி அடங்கியிருக்கலாம். அதனைக் கேட்கும் பொறுமை இயந்திரத்துக்கு இயல்பாக வாராது; அமைப்பவனே அளித்தல் வேண்டும்.