பழைய கிராமமும் காட்சிசாலையும்

(கருவேப்பிலங்குறிச்சியில் பேசியது)



மறைந்துபோன கிராம வாழ்க்கையைக் காப்பாற்றி வைக்கவேண்டும் என்று படித்தவர்கள் பலர் இன்று பேசுகிறார்கள். அதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம்.

பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஒரே இடத்தில் மறுபடி கட்டி, பழைய தட்டுமுட்டுகளோடு ஜனங்களுக்குக் காட்டுவதை வெட்டவெளிக் காட்சிசாலை என்கிறார்கள். சுவீடன் தேசத்தில் ஹசேலியஸ் என்பவர் 1891-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ‘ஸ்கான்சென்’ என்னும் காட்சிசாலையைத் திறந்தார். நம் நாட்டில், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் டெபோரா தியாகராஜன் அம்மையாரின் முயற்சியால் 1996-ல் ‘தட்சிண சித்ரா’ திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வியாபாரி வீடு, திருநெல்வேலிப் பக்கத்து அக்கிரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளக் கிறிஸ்தவர் வீடு ஆகியவை அங்கே சுமார் 10 ஏக்கரில் நிற்கின்றன.

இது நல்ல காரியமே. விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை செய்கிற தோழருக்குத் தெரியும், மண்ணைப் பதம் செய்து சுட்டெடுப்பது எவ்வளவு பெரிய வித்தை என்று. அப்படிப்பட்ட கைகளின் வேலையைக் காப்பாற்றவேண்டாம் என்று எவன் சொல்லுவான்?

ஆனால் ஒன்று கேட்கிறோம். முட்டுக்காட்டில் டிக்கெட் வாங்கிய எவரும் அந்த அக்கிரகார வீட்டுக்குள் நுழையலாம். அந்த வீடு தன் சொந்த ஊரில் இருந்த காலத்தில் நம் பாட்டன்மார் அப்படி நுழைந்திருக்க முடியுமா? ஆகவே வீடு வந்துவிட்டது. வீட்டின் சட்டம் வரவில்லை! ஊருக்கும் சேரிக்கும் நடுவே வயலும் வாய்க்காலும் கிடந்தனவே, அந்தத் தூரத்தை எந்த லாரியில் ஏற்றுவது? அதுதானே தோழர்களே, பழைய கிராமம்?

உரலும் உலக்கையும் வைத்திருந்தால், பார்க்க வருகிறவர் இரண்டு குத்துக் குத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார். விடியுமுன் எழுந்து குத்திக் கை காய்த்துப்போன பெண்ணை யார் காட்டுவது? அவள் குத்திய நெல் யாருடைய குதிருக்குப் போயிற்று என்பதை யார் எழுதி வைப்பது?

முடியாத காரியம் அல்ல. சுவீடனில் ‘ஸ்டாட்டாரே’ என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். நம் பண்ணையாள் மாதிரி. வருஷக் கணக்கில் பேசிக்கொண்டு, கூலியில் பெரும்பகுதியைத் தானியமும் பாலுமாக வாங்கினார்கள். பண்ணை மாடுகளுக்குப் பால் கறப்பது மனைவியின் தலையில் விழுந்தது. அந்த முறை 1945-ல் ஒழிந்தது. ஸ்கான்செனில் கனவான் மாளிகையும் உண்டு. அந்தக் கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடும் உண்டு. அதனால் அந்த நாட்டுக்கு மானம் போய்விடவில்லை.

ஆகையால் நம் ஜில்லாவுக்கும் ஒரு காட்சிசாலை வரட்டும் என்கிறோம். ஏற்றமும் கலப்பையும் செக்கும் இருக்கட்டும். அவற்றோடு சேரிக் குடிசையும், தனிக் கிணறும், தனிச் சுடுகாட்டுப் பாதையும், டீக்கடையின் இரட்டைக் குவளையும் இருக்கவேண்டும். குழந்தைகள் பார்த்து, “இது எதற்கு?” என்று கேட்கவேண்டும். பெரியவர்கள் வெட்கத்தோடு பதில் சொல்லவேண்டும்.

ஆனால் ‘மறைந்துபோனது’ என்று பலகை மாட்டுமுன், அது மறைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டாமா? தீண்டாமை ஒழிந்ததென்று அரசியல் சட்டம் 1950 முதல் சொல்லுகிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்ததே! அது எந்தக் காட்சிசாலைச் சாமான்?

காட்சிசாலைக்குப் போகவேண்டியது இன்னும் தெருவில் நடமாடுகிறது. முதலில் அதைத் தெருவிலிருந்து கிளப்புங்கள். பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். நாம் சொன்னதை உங்கள் அறிவைக்கொண்டு நிறுத்துப்பார்த்து, சரியென்று தோன்றினால் மாத்திரம் செய்யுங்கள்.