பில்லைக் கிழிக்காதீங்க!
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஊருக்கெல்லாம் காயம் கட்டுது. ஆனால் தறியில் கை மாட்டிய நம் உறுப்பினர் ஒருவர், தன் காயத்துக்கு மருந்து வாங்க சங்கத்தில் கடன் எடுத்தார். "எல்லாம் தலையெழுத்து" என்று பில்லைக்கூட வைக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அது நம்ம தப்பு.

வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தர 1923-லேயே சட்டம் வந்தது. சிகிச்சைக்கு ஆன செலவையும் முதலாளி தரவேண்டும் என்பது 2010 ஜனவரி 18 முதல் சேர்ந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை உண்டு. இது தர்மம் இல்லை, நமக்கு வரவேண்டிய பாக்கி.

ராஜபாளையம் மில்லில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அப்படியென்றால் சிகிச்சை இ.எஸ்.ஐ. மூலம்தான். வேலைக்குப் போகமுடியாத நாளுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் முதலாளியிடம் கேட்கவேண்டும். தராவிட்டால் 2 வருஷத்துக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கவேண்டும்.

தறியோ, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்போ, அடிபட்டால் மூன்று காரியம் செய்யுங்க:

1. உடனே முதலாளிக்கு எழுதிக் கொடுங்க.
2. டாக்டர் சீட்டு, மருந்து பில், எக்ஸ்ரே ரசீது எல்லாம் வாங்கி வையுங்க.
3. வெற்றுத்தாளில் கையெழுத்து போடாதீங்க.

சேமிப்புப் புத்தகத்தைப் பத்திரமா வைக்கிறோமே, அதே பையில் பில்லையும் வைப்போம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே மனு எழுதித் தரும்.