ஆளுநர் மாளிகையில் ஒரு நாவலாசிரியர்



‘பென்ஹர்’ என்றவுடன் 1959ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமும் அதன் தேரோட்டப் பந்தயமும் நினைவில் எழும். அந்நாவலைப் படைத்த லூ வாலஸ் ஓர் ஆளுநர் என்பதும், அதன் இறுதிப் பகுதியை அவர் எழுதிய காலத்தில் அவரது ஆட்சிப்பகுதி பழிக்கொலைகளால் கலங்கிக் கிடந்தது என்பதும் பலரும் எண்ணிப் பாராதவை.

வாலஸ் 1827இல், அமெரிக்காவின் எல்லைப்புற மாநிலமாக அன்றிருந்த இண்டியானாவில் பிறந்தார். தந்தையார் டேவிட் வாலஸ் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். மகன் வழக்கறிஞரானார், 1856இல் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டதும் படையிற் சேர்ந்து, முப்பத்தைந்து வயது நிரம்புமுன் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். உயர்வு வந்த அவ்வேகத்திலேயே இழுக்கும் வந்தது. 1862 ஏப்ரலில் ஷைலோ போர்க்களத்திற்கு விரைந்து வருமாறு தளபதி கிராண்ட் விடுத்த ஆணை தெளிவற்றிருந்தது. வாலஸ் வேறொரு சாலையிற் சென்று, திரும்பி நடந்து, முதல்நாட் போர் ஓய்ந்த பின்னரே களம் சேர்ந்தார். பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட இழப்புக்கு ஆளான வடவர் தரப்பில் பழி சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. பழி அவர்மேல் விழுந்தது. அதைத் துடைக்க வேண்டிக் கிராண்டுக்கு அவர் மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார். கிராண்ட் தம் நினைவுக் குறிப்புகளின் அடிக்குறிப்பொன்றில் அப்பழியை ஓரளவு தளர்த்தியது 1885இல்தான். ஒரு மேலாளரின் நீதிக்காக இருபத்துமூன்று ஆண்டுகள் காத்திருந்த மனிதர் இவர் என்பதை மனத்திற்கொண்டே மேற்கொண்டு கேட்க வேண்டும்.

1878இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் வாலஸை நியூ மெக்சிகோவின் ஆளுநராக அனுப்பினார். மாநிலத் தகுதி 1912இல்தான் அதற்குக் கிடைத்தது. அன்று அது மைய அரசு ஆளுநரை அமர்த்தி ஆண்ட நிலப்பகுதி. அங்கே லிங்கன் மாவட்டத்தில் இரு வணிகக் கூட்டத்தார் படைதிரட்டிப் பொருதுகொண்டிருந்தனர். கடைக்காரர் சண்டைதானே எனத் தள்ளிவிடுதல் தவறு. இராணுவக் கோட்டைக்கு மாட்டிறைச்சி வழங்கும் ஒப்பந்தமும் மாவட்டத்தின் நீதித்துறையும் அதனுள் பின்னிக் கிடந்தன. வாலஸ் 1878 நவம்பர் 13 அன்று பொதுமன்னிப்பு அறிவித்தார். ஏற்கெனவே குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு அது பொருந்தாது. அவர்களுள் ஒருவன், பில்லி த கிட் என வழங்கப்பட்ட வில்லியம் பானி. இருபது வயதளவான இளைஞன்.

1879 பிப்ரவரியில் சாப்மன் என்னும் வழக்கறிஞர் லிங்கன் நகரத் தெருவில் கொல்லப்பட்டதைக் கண்ணாற் கண்டவன் பானி. சாட்சி சொல்லத் தயார் என்று ஆளுநருக்கு எழுதினான். சாட்சி சொன்னால் வழக்கினின்று விடுவிக்கும் அதிகாரம் தமக்குண்டென வாலஸ் விடையெழுதினார். மார்ச் 17 இரவு இருவரும் ஒரு வீட்டில் சந்தித்தனர். பானி தன் சொல்லைக் காத்தான். பெருநடுவர் குழுவின்முன் சாட்சியளித்தான். ஆயின் அரசு வழக்கறிஞர் ரைனர்சன் அவன்மீதான வழக்கை விலக்க மறுத்தார். ஆளுநரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பானி காவலை விட்டு அகன்றான். மீண்டும் கொள்ளைவழிப் புகுந்தான். 1880 டிசம்பரில் அவன் தலைக்கு வாலஸே ஐந்நூறு டாலர் விலை வைத்தார்.

இதற்கிடையில், சாண்டா ஃபேயில் 1610ஆம் ஆண்டளவில் எழுந்த பழைய மண்சுவர் மாளிகையில், இரவு வேளைகளில், ‘பென்ஹ’ரின் எட்டாம் பகுதி எழுதி முடிக்கப்பட்டது. நூல் 1880 நவம்பர் 12 அன்று வெளிவந்தது. ஆளுநன் ஒருவன் ஊர்வலமாக வருகையில் மாடியிலிருந்து ஓர் ஓடு தவறி விழுகிறது. இளைஞன் யூதா விசாரணையின்றிக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாக்கப்படுகிறான். நண்பன் மெசாலா கைவிடுகிறான். அதிகாரம் செவிசாய்க்க மறுத்தால் ஓர் இளம் உயிர் என்னாகும் என்பதை இத்துணை நுட்பமாக உணர்ந்து எழுதிய கை வாலஸின் கைதான்.

பிடிபட்ட பானி அதே சாண்டா ஃபே சிறையிலிருந்து 1881இல் அவருக்கு நான்கு கடிதங்கள் எழுதினான்: ஜனவரி 1, மார்ச் 2, மார்ச் 4, மார்ச் 27. விடை வரவில்லை. ஷெரிஃப் பிரேடியைக் கொன்றதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றுக் காவலர் இருவரைக் கொன்று தப்பியவனை, ஜூலை 14 அன்று பாட் காரெட் சுட்டுக் கொன்றார். வாலஸ் அதற்கு முன்னரே பதவி துறந்திருந்தார். ‘பென்ஹ’ரைப் படித்து மகிழ்ந்த புதிய குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு அவரைத் துருக்கிக்குத் தூதராக அனுப்பினார்.

வாலஸை வஞ்சகர் எனல் எளிது; ஆனால் அது முழு உண்மையன்று. வழக்கைத் திரும்பப் பெறுவது அரசு வழக்கறிஞர் கையிலிருந்தது. பானியும் மாசற்றவன் அல்லன். எனினும் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் ஆளுநரிடமே இருந்தது. மன்னிக்க மனமில்லையேல், அதைச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கலாம். கிராண்டிடமிருந்து வரவேண்டிய ஒரு வரிக்காக ஏங்கியவர் அதை அறியாதவர் அல்லர். எழுத்தில் தோன்றும் அறவுணர்வு எழுதுகோலை வைத்தபின்னும் எழுதியவனிடத்தே நிற்கும் என நம்புகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. வாலஸின் வாழ்க்கை அந்நம்பிக்கைக்கு ஆதரவாக இல்லை.

நியூ மெக்சிகோவின் பிற்கால ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், வாலஸ் அளித்த வாக்கை நிறைவேற்றிப் பானிக்கு மன்னிப்பு வழங்கலாமா என்று 2010இல் ஆராய்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று, தம் பதவியின் இறுதி நாளில், வழங்குவதற்கில்லை என அறிவித்தார். வாலஸ் ஏன் தம் சொல்லினின்று பின்வாங்கினார் என்பது வரலாற்றில் தெளிவாகவில்லை என்பதே அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.