நாட்டெல்லை தாண்டாத அகதிகள்

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1991 டிசம்பர் 12, 13 ஆகிய நாட்களில் பெங்களூருவின் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. கட்டடத் தொழிலாளர்களும் மூட்டை தூக்குவோரும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் வாழ்ந்த குடிசைகள் எரிந்தன. மைசூரு மாவட்டத்தின் கிராமங்களில் தமிழ் விவசாயக் கூலிகள் வயலிலிருந்தே விரட்டப்பட்டனர். அரசுக் கணக்கின்படியே பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். பல்லாயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அன்றைய தர்மபுரி, பெரியார், சேலம், நீலகிரி மாவட்டங்களுக்குள் வந்து சேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கர்நாடகத்தில் வாழ்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் கன்னடப் பள்ளிகளில் படித்தவர்கள்.

அவர்களை எந்தப் பெயரால் அழைப்பது என்று அன்று எந்த அரசுக்கும் தெரியவில்லை. பத்திரிகைகள் அகதிகள் என்று எழுதின. ஆனால் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நாட்டெல்லையைக் கடந்தவருக்கு மட்டுமே பொருந்தும். இந்தியா அதில் கையெழுத்திடவும் இல்லை. சொந்த நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்க்கப்பட்டோருக்கான வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாடுகள் அவை 1998இல்தான் வகுத்தது. அவை எந்த அரசையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. இத்தகையோருக்கெனத் தேசியச் சட்டம் எதுவும் இந்தியாவில் இன்றுவரை இல்லை. 1990இல் காஷ்மீரப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த பண்டிட்டுகளை அரசு ஆவணங்கள் ‘புலம்பெயர்ந்தோர்’ என்றே குறித்தன. வேலை தேடிப் போனவனுக்கும் உயிர் தப்ப ஓடியவனுக்கும் ஒரே சொல். இது சொற்சிக்கனம் என்று எண்ணிவிடக் கூடாது. விரட்டப்பட்டவர் என்று எழுதினால் விரட்டியவர் யார், தடுக்கத் தவறியவர் யார் என்ற கேள்வி எழும். புலம்பெயர்ந்தோர் என்று எழுதினால் எழாது.

1991இல் நடந்ததைக் காவிரிக் கலவரம் என்று சொல்வது வழக்கம். காவிரி அதில் இருந்தது உண்மை. 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 1991 ஜூன் 25 அன்று, ஆண்டுக்கு 205 டிஎம்சி நீர் மேட்டூருக்கு வந்துசேர வேண்டும் என்று அது இடைக்கால ஆணை பிறப்பித்தது. கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் தடுக்க முயன்றது. அச்சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் கருத்துரைத்தது. டிசம்பர் 10 அன்று ஆணை மத்திய அரசிதழில் வெளியானது. பங்காரப்பா அரசின் ஆதரவோடு 13ஆம் தேதி மாநிலம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. காவல் துறையைக் கையில் வைத்திருக்கும் அரசே கடையடைப்புக்குத் துணை நின்றால் தெருவில் என்ன நடக்கும் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தாக்கப்பட்டவர்களைப் பாருங்கள். மேட்டூர் நீரால் அவர்களில் ஒருவருக்கும் ஒரு குழி நிலம்கூட நனையப் போவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் நிலமே இல்லாததால் வடஆற்காட்டையும் தர்மபுரியையும் சேலத்தையும் விட்டு வந்தவர்கள். தாக்கியவர்களில் பலரும் வேலையற்ற இளைஞர்களே. புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. பொதுத்துறை ஆலைகளின் வாயிலில் ஆள் எடுப்பு நின்றுபோன காலம் அது. பெங்களூருவின் நிலமும் முதலும் யார் கையில் இருந்தன என்று கேட்க வேண்டிய கோபம், பக்கத்துக் குடிசையில் யார் இருக்கிறார் என்று கேட்கத் திருப்பிவிடப்பட்டது.

தங்கவயலுக்கு இந்த வரலாறு அயலானதல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்த பிறகு சுரங்கத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களின் ஒடுக்கப்பட்ட மக்கள். பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சுரங்கம் விடுதலையாகவும் இருந்தது, புதைகுழியாகவும் இருந்தது. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கரும், கன்னடரும், மலையாளிகளும், காவலுக்குக் கொண்டுவரப்பட்ட பஞ்சாபியரும் இங்கே சேர்ந்தனர். இத்தனை மொழியினரைக் கம்பெனி அன்பினால் சேர்க்கவில்லை. மொழிக்கும் சாதிக்கும் ஏற்ப வேலையைப் பிரித்து, ஒருவரைக் கொண்டு மற்றவரைக் கண்காணிப்பதே அதன் நிர்வாக முறை.

அந்த முறையை உடைத்தவர்கள் தொழிலாளர்களே. 1930 ஏப்ரலில், கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டளையை எதிர்த்து வயல் முழுவதும் வேலையை நிறுத்தியது. குற்றப் பரம்பரையினரைப் போலத் தங்களை நடத்தக் கூடாது என்பதே அதன் உட்பொருள். 1946இல் 78 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். 1952 தேர்தலில் இந்தத் தொகுதி இருவரை அனுப்பியது. ஒருவர் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.எஸ். வாசன், மற்றவர் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். செங்கொடிக்கும் நீலக்கொடிக்கும் இங்கே உரசல்கள் இருந்தன. அதை மறைப்பதில் பயனில்லை. எனினும் தமிழர் தொகுதி என்று பேசப்படும் இந்த ஊர் அன்று வர்க்கத்தின் பெயராலும் சாதி ஒழிப்பின் பெயராலும் வாக்களித்தது. மொழியின் பெயரால் வாக்குக் கேட்போர் பின்னால் வந்தவர்கள்.

அவர்கள் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தாது குறைந்தது, புதிய முதலீடு வரவில்லை, ஆட்கள் குறைக்கப்பட்டனர். 1982இல் கோகாக் அறிக்கையை ஒட்டிக் கன்னட மொழிக் கிளர்ச்சி மாநிலத்தைக் கலக்கியபோது வயலின் தமிழரிடையே அச்சம் பரவியது. வேலை நிலையாக இருந்த நாட்களில் எழாத மொழிக் கேள்வி, வேலை கரைந்துகொண்டிருந்த நாட்களில் எழுந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வெளியே நின்றனர்.

அதன் பிறகு தங்கவயல் மக்கள் பிழைப்புக்கு எங்கே போகிறார்கள்? மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக, நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அதே பெங்களூருவுக்கு. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறார்கள். கட்டட வேலை, ஆயத்த ஆடை ஆலை, காவலாளி வேலை. 1991இல் எந்த மக்கள் விரட்டப்பட்டார்களோ, அந்த மக்களின் வேலையையே இவர்களும் செய்கிறார்கள்.

2016 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீர்ப் பங்கீட்டு ஆணையை ஒட்டிப் பெங்களூருவில் மீண்டும் தீ மூண்டது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் ஒரே பணிமனையில் நாற்பதுக்கு மேல் எரிந்தன. ஊரடங்கு வந்தது. அன்றே சென்னையில் கர்நாடகத்தவரின் உணவு விடுதி தாக்கப்பட்டது. இராமேசுவரத்தில் கர்நாடக வாகன ஓட்டிகள் அடிக்கப்பட்டனர். இதைத் தமிழ்ப் பத்திரிகைகள் சில சிறிய எழுத்தில் போட்டன. அடி வாங்கிய ஓட்டுநரும் ஒரு தொழிலாளிதான்.

இந்த இடத்தில் இலங்கையை நினைவுகூர வேண்டும். 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து விரட்டப்பட்ட தமிழருக்காகத் தமிழகம் கொந்தளித்தது, அது நியாயம். 1990 அக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. தமிழே பேசிய அம்மக்கள் புத்தளத்து முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தனர். அதற்காகத் தமிழகத்தில் எத்தனை ஊர்வலங்கள் நடந்தன? பாதிக்கப்பட்டவனின் மொழியைப் பார்த்துக் கண்ணீர் விடுவோரால் கர்நாடகத்தின் தமிழ்க் கூலிக்கும் பாதுகாப்புத் தர முடியாது; எதிர்ப்புறத்து மொழிவெறிக்குத் தீனி போடவே முடியும்.

குஜராத்தில் 2002இல் ஒன்றரை லட்சம் பேர், கந்தமாலில் 2008இல் பல்லாயிரம் கிறித்தவர்கள், முசாபர்நகரில் 2013இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், மணிப்பூரில் 2023 மே முதல் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். இடம் மாறினாலும் நடைமுறை மாறுவதில்லை: முகாம், சில மாத அரிசி, பிறகு முகாமைக் கலைக்கும் உத்தரவு. திரும்பிப் போக முடியாதவர்கள் ஊருக்கு வெளியே ஒதுங்குகிறார்கள். ஒரு கிராமம் ஒரே மதத்தாரின் கிராமமாகிவிடுகிறது. அதுவே கலவரம் செய்தவர்கள் விரும்பிய விளைவு.

2011இல் வகைப்படுத்தப்பட்ட வகுப்பு வன்முறைத் தடுப்பு மசோதாவில் மதச் சிறுபான்மையினருடன் மொழிச் சிறுபான்மையினரும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்க்கப்பட்டிருந்தனர். நிவாரணமும் இழப்பீடும் அதில் இடம்பெற்றன. 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அதன் அறிமுகமே நின்றுபோனது. பாரதிய ஜனதா எதிர்த்தது. மாநிலக் கட்சிகள் எதிர்த்தன. சட்டம் ஒழுங்கு மாநிலப் பொருள் என்ற கூட்டாட்சிக் கேள்வியை இடதுசாரிகளும் எழுப்பினர். அந்தக் கேள்வி சரியானதே. ஆனால் அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் மாநில அதிகாரத்தைக் காத்துக்கொண்டே விரட்டப்பட்டோரின் உரிமையையும் காக்கும் மாற்று வரைவு எதுவும் மக்கள் முன் வைக்கப்படவில்லை. மாநில அரசே கடையடைப்புக்குத் துணைபோன 1991ஐ அறிந்த கர்நாடகத் தோழர்கள் இந்தக் குறையை மற்ற எவரையும்விட நன்கு உணர்வார்கள்.

அத்தகைய வரைவுக்கான கோரிக்கைகள் புத்தகத்திலிருந்து வர வேண்டியதில்லை. எரிந்த குடும்ப அட்டைக்குப் பதில் அட்டை பெற எத்தனை அலுவலகம் ஏற வேண்டியிருந்தது, பிள்ளையின் பள்ளிப் படிப்பு எந்த வகுப்பில் நின்றது, விட்டுவந்த குடிசை இருந்த இடத்தில் இன்று யாருடைய கட்டடம் நிற்கிறது என்பவை 1991இல் ஓடி வந்தவர்களுக்குத் தெரியும். சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்தும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டுப் பல்லாண்டாகப் போராடுவோருக்கும் ஆவணம் இல்லாத வாழ்வின் பொருள் தெரியும். அன்று பெங்களூருவில் இருந்த உறவினர் பலர் இந்தக் குடியிருப்புகளிலேயே இன்று முதியவர்களாக இருக்கக்கூடும். கிளைத் தோழர்கள் வீடு வீடாகச் சென்று அவர்களைக் கண்டறிந்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியது அவர்கள் ஒப்புதலோடு கன்னடத்திலும் பெயர்க்கப்பட்டு, பெங்களூருத் தோழர்களின் கையில் முதலில் சேர வேண்டும்.